ஒன்பது கண் கூடத்தின் அளவு

ஒரு சொல்லை எவரும் தம் பெயருக்குப் பட்டா போட்டுக்கொள்ள இயலாது. இது பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்த செய்தி. ஆயினும், பழங்கட்டடங்களை அளந்து வரைந்து ஆவணமாக்கும் அலுவலகம் ஒன்றின் மூத்த வரைவாளர், ‘கண்’ என்னும் சொல்லைத் தம் தந்தை எழுதிவைத்த மனையைப் போலவே பத்தொன்பது ஆண்டுகள் காத்து வந்தார். அதன் பக்கம் வேறொருவர் தலைகாட்டினால் போதும், தொண்டையைக் கனைப்பார். கனைப்பின் பொருளை அலுவலகம் அறியும்.

கட்டடக் கலையில் அச்சொல்லுக்குப் பொருள் ஒன்றன்று. பாலத்தின் ஒரு தாங்கலுக்கும் அடுத்த தாங்கலுக்கும் இடையே நீர் புகுந்து செல்லும் திறப்பு கண் எனப்படும். மதகில் பலகை இறங்கி அடைக்கும் வாயும் கண்ணே. நீண்ட கூடத்தில் தூணுக்கும் தூணுக்கும் இடைப்பட்ட வெளி கண். சன்னலைச் சட்டங்கள் பிரிக்கும் கட்டம் கண். சுவரில் காற்றுக்கென விடப்பட்ட துளையும் கண். இவற்றுள் முந்தியது எது, பிந்தியது எது? திறப்பைச் செங்கல்லால் அடைத்துவிட்டால் அது கண்ணா, சுவரா? கூடத்தின் ஓரத்தில் அரைத் திறப்பு ஒன்று எஞ்சி நின்றால் அதனை எண்ணிக்கையில் சேர்ப்பதா, தள்ளுவதா? இத்தகைய வினாக்களுக்கு விடை காணும்பொருட்டு அவர் பழைய ஒப்பந்தங்களையும் பழுதுபார்ப்புக் குறிப்புகளையும் கொத்தனார்களின் வாய்மொழியையும் தேடித் தேடிச் சீட்டுகளில் எழுதினார். சீட்டுகள் நான்கு காலணிப் பெட்டிகளை நிறைத்தன.

இந்நிலையில், கட்டடச் சொற்களுக்கென ஒரு நூல் வெளியிடுவது என்று அலுவலகம் முடிவு செய்தது. நூற்றிருபது சொற்கள், சொல்லுக்கு ஒரு பக்கம், பக்கத்துக்கு ஒரு வரைபடம், அடியில் எழுதியவர் பெயர். ‘கண்’ என்னும் பக்கத்தின் அடியில் எவர் பெயர் வரும் என்பதில் வரைவாளருக்கு ஐயமே இருக்கவில்லை. பெயருக்கு முன்னெழுத்து இரண்டு போடுவதா, ஒன்று போடுவதா என்பதைத்தான் அவர் ஒரு வாரமாக எண்ணிக்கொண்டிருந்தார்.

இயக்குநர் அம்மையார் அவரை அழைத்தார்.

“உக்காருங்க. நீங்க ‘கண்’ணுக்கு எழுதின நாற்பத்து மூணு பக்கத்தையும் படிச்சேன். சத்தியமா முழுசாப் படிச்சேன்.”

“எப்படி இருந்தது மேடம்?”

“முப்பத்தெட்டாம் பக்கத்துல ‘இனி பொருளுக்கு வருவோம்’னு எழுதியிருக்கீங்க.”

வரைவாளர் அதனைப் பாராட்டு என்றே முதலில் கொண்டார். மேடத்தின் முகத்தைப் பார்த்தபின் கொள்ளவில்லை.

“புத்தகத்துல ஒரு சொல்லுக்கு ஒரு பக்கம்தான். உங்க சகலை ஒண்ணு எழுதிக் கொடுத்தார். படிச்சுப் பாருங்களேன்.”

சகலை என்றது அவர் மனைவியின் தங்கை கணவரை. அவர் வேறொரு துறையிலிருந்து மாற்றலாகி இவ்வலுவலகத்துக்கு வந்து பதினெட்டு மாதங்களே ஆகியிருந்தன. பதினெட்டு மாதத்தில் வாயிற்காவலர் முதல் இயக்குநர் வரை எல்லாரையும் அவர் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். மாமனார் வீட்டில் அவர் இதே வேலையை ஒரே நாளில் செய்து முடித்தவர். அங்கே பெரிய மாப்பிள்ளைக்கு நாற்காலி கிடைக்கும். சின்ன மாப்பிள்ளைக்குச் சிரிப்பு கிடைக்கும். நாற்காலியில் அமர்ந்தபடி அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டே வரைவாளர் இருபது ஆண்டுகளைக் கழித்திருந்தார்.

தாளை வாங்கிப் படித்தார். அதன் முதல் வாக்கியம் இது: ‘தாங்கி நிற்கும் இரண்டுக்கு நடுவே, கட்டியவர் கட்டாமல் விட்டுவைத்த இடம் கண்.’

அவ்வளவுதான். பாலமும் மதகும் கூடமும் சன்னலும் சுவர்த்துளையும் அந்த ஒரு வரிக்குள் முட்டி மோதாமல் அடங்கிவிட்டன. வரைவாளர் அதில் குற்றம் தேடினார், கிடைக்கவில்லை. கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் தேடினார். அப்போதும் கிடைக்கவில்லை. வயிற்றுக்குள் யாரோ அடுப்பு மூட்டியதைப் போல ஒன்று குபீரென்று எழுந்தது.

“எப்படி?” என்றார் அம்மையார்.

“பரவாயில்ல மேடம். சுருக்கமா இருக்கு.”

“சுருக்கம்தானே வேணும்? படத்துக்குச் சந்தைக் கூடத்தை அளந்து வரையச் சொல்லியிருக்கேன். நாளைக்குப் போறார். நீங்களும் கூடப் போங்க, டேப்போட முனையைப் பிடிக்க ஆள் வேணும்.”

பத்தொன்பது ஆண்டுகள், நான்கு பெட்டிகள், முடிவில் டேப்பின் முனை.

வெளியே வந்தபோது பண்டகக் காப்பாளர் தம் மேசையிலிருந்தே வம்பை ஆரம்பித்தார். “என்ன சார், சந்தைக் கூடத்துக்குக் கண்ணு ஒன்பதாம். உங்க கண்ணையும் சேர்த்தா பத்து. அந்தப் பத்தாவது எப்பவும் சகலை மேலயே இருக்குன்னு ஊரெல்லாம் பேச்சு.”

“வாயை மூடிக்கிட்டு டேப்பை எடுத்து வைய்யா.”

வீட்டில் மனைவிக்குச் செய்தி முன்னமே வந்திருந்தது. அக்கா தங்கை இருவருக்கும் இடையே செல்லும் தொலைபேசியை விஞ்ச எந்த அலுவலகச் சுற்றறிக்கையாலும் முடியாது.

“என்னங்க, தங்கச்சி பேசினா. அவ வீட்டுக்காரர் உங்களைப் பத்தி என்ன சொன்னாராம் தெரியுமா? ‘சகலை இல்லாம அந்தக் கூடத்துக்குள்ள காலே வைக்க மாட்டேன்’னாராம்.”

“வைக்க முடியாதே. டேப்பை யார் பிடிக்கிறது?”

“நல்லது சொன்னாலும் குத்தமா?”

“நான் குத்தம் சொன்னேனா? சுருக்கமா எழுதியிருக்கார்னு மேடம்கிட்டயே பாராட்டிட்டு வந்தேன்.”

“பாராட்டின மூஞ்சியைக் கண்ணாடியில போய்ப் பாருங்க. உங்க வயித்தெரிச்சல்ல ரெண்டு குடும்பத்துக்கு உலை வைக்கலாம், கேஸ் மிச்சம்.”

வரைவாளர் செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். மனைவியர் சொல்லும் உவமைகளுள் சில உண்மைக்கு மிக அருகில் வந்துவிடுகின்றன.

சந்தைக் கூடம் சாலையோரமாக நீண்டு கிடக்கும் பழைய செங்கற் கட்டடம். பத்துத் தூண்கள், அவற்றுக்கிடையே ஒன்பது வளைவுகள், ஒவ்வொரு வளைவின் கீழும் ஒரு கடை. வெளிப்புறம் சரக்கு வண்டிகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்றதால் கூடத்தின் மொத்த நீளத்தை அன்று எடுக்க வழியில்லை. ஆகவே உள்ளிருந்து ஒவ்வொரு கண்ணாக அளப்பது என்று முடிவாயிற்று. வரைவாளர் ஒரு தூணின் பக்கத்தில் டேப்பின் முனையை வைத்துப் பிடிப்பார். சகலை மறு தூணில் அளவைப் படித்துக் குறித்துக்கொள்வார். நடுவே கடைச் சரக்கு குவிந்திருந்தமையால் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. குரல் மட்டுமே கேட்கும்.

இங்கே அவ்வலுவலகத்தின் வழக்கம் ஒன்றைக் கூறுதல் வேண்டும். டேப்பின் நுனியில் ஒரு சிறு கொக்கி உண்டு. நாட்பட்டால் அது ஆட்டங்காணும். ஆடும் கொக்கியை நம்பி அளந்தால் அளவு பிழைக்கும். அத்தகைய வேளையில் முனையைப் பிடிப்பவர் கொக்கியை விட்டுவிட்டுப் பத்தாம் சென்டிமீட்டர்க் கோட்டைத் தூணில் பொருத்தி, “பத்து!” என்று உரக்கக் கூறவேண்டும். மறுமுனையில் படிப்பவர் வந்த அளவிலிருந்து பத்தைக் கழித்துவிட்டு, “கழிச்சாச்சு!” என்று விடையிறுக்க வேண்டும். அவ்வேளையில் இவ்விரண்டு சொற்களும் இல்லாமல் எந்த அளவும் ஏட்டில் ஏறாது. சொல்லவேண்டியது பிடிப்பவர் கடமை. மறுமுனையில் இருப்பவருக்குக் கொக்கி தெரியாது.

முதல் நான்கு கண்கள் வழுவின்றி முடிந்தன.

“மூணு மீட்டர் அறுபது!” என்று மறுபுறத்திலிருந்து சகலை கூவினார். “அடுத்ததுக்குப் போலாமா சகலை? கை வலிக்குதா?”

“எனக்கு என்ன வலி, நீங்க படிங்க.”

ஐந்தாம் கண்ணின் கீழ் இருந்தது பூட்டுக் கடை. கடைக்காரி ஒரு நடுத்தர வயதுப் பெண்மணி. நூற்றுக்கணக்கான சாவிகளுக்கு நடுவே அமர்ந்து அரத்தால் ஒன்றைத் தேய்த்துக்கொண்டிருந்தார். வரைவாளர் கொக்கியைத் தூணில் மாட்டினார். அது பிடிப்பு விட்டு, ஒற்றை ஆணியில் தொங்கியது. அவர் வழக்கப்படியே பத்தாம் கோட்டைத் தூணில் பொருத்தினார். சொல்லுவதற்கு வாயையும் திறந்தார்.

அப்போது கடைக்காரி மறுபுறம் நின்ற சகலையைக் கேட்பது காதில் விழுந்தது.

“ஏங்க, அந்தப் பக்கம் ஒருத்தர் உம்முன்னு நிக்கிறாரே, அவர் யாரு? உங்க கீழ வேலை பார்க்கிறவரா?”

“ஐயையோ, அப்படிச் சொல்லாதீங்க. அவர் என் சகலை. பெரிய ஆளு. இந்த ஒரு சொல்லுக்காகவே பத்தொன்பது வருஷம் உழைச்சிருக்கார், பாவம். புத்தகத்துல என் பக்கத்துக்குக் கீழ சின்ன எழுத்துல அவருக்கு ஒரு நன்றி போடணும்னு மேடம்கிட்ட கேட்டிருக்கேன்.”

“உங்களுக்கு நல்ல மனசுங்க.”

சகலையின் சொற்களில் வஞ்சம் ஒரு துளியும் இல்லை. அதுவே கொடுமை. வைதிருந்தால் திருப்பி வையலாம்; இகழ்ந்திருந்தால் ஓராண்டு பேசாமல் இருக்கலாம். ‘பாவம்’ என்ற சொல்லுக்கு என்ன மறுமொழி உண்டு? வரைவாளரின் திறந்த வாய் மூடிக்கொண்டது.

“சகலை, வச்சிட்டீங்களா?”

“வச்சாச்சு.”

“மூணு எழுபது! அட, இது கொஞ்சம் அகலமா இருக்கே.”

“அப்படியா?” என்றார் வரைவாளர். தம் குரல் இத்துணை இயல்பாக ஒலிக்கும் என்று அவரே எதிர்பார்க்கவில்லை.

ஆறாம் கண்ணில் சொல்லிவிடலாம் என்றிருந்தார். ஆறாவதில் சொன்னால் ஐந்தாவதில் ஏன் சொல்லவில்லை என்ற கேள்வி வரும். ஏழாவதில் இரண்டுக்கு விளக்கம் தரவேண்டும். இவ்வாறாக ஒன்பதும் முடிந்தன. ஐந்து கண்கள் பத்துப் பத்து சென்டிமீட்டர் கொழுத்துவிட்டன. வீடு திரும்பும் வழியில்தான் அவர் தம் செயலுக்கு ஒரு திட்டத்தைக் கற்பித்துக்கொண்டார். இந்த அளவை வைத்து வரைந்தால் படம் எங்கேனும் இடிக்கும். சகலை தலையைப் பிய்த்துக்கொள்வார். இயக்குநர் அம்மையார், “இதுக்குத்தான் அனுபவம் வேணும்கிறது” என்று சொல்லி, படத்தையும் பக்கத்தையும் உரியவரிடம் ஒப்படைப்பார். திட்டம் பழுதற்றது. நடந்ததோ வேறு.

மூன்றாம் நாள் காலை. சகலை வரைபடத்தைப் பெரிய மேசையில் விரித்து அலுவலகம் முழுவதையும் கூட்டிவிட்டார்.

“பாருங்க மேடம். முதல் நாலு கண்ணும் மூணு அறுபது. அடுத்த அஞ்சும் மூணு எழுபது. ஒண்ணு ரெண்டு மாறியிருந்தா கைப்பிசகுன்னு விடலாம். வரிசையா அஞ்சும் ஒரே அளவு கூடுது. இது தற்செயலா வராது.”

“அப்போ?”

“கூடத்தைக் கட்டினது ஒரு ஆள் இல்ல, ரெண்டு ஆள். முதல்ல நாலு கண்ணோட நின்னிருக்கு. பிறகு வேற ஒரு மேஸ்திரி வந்து அஞ்சு சேர்த்திருக்கார். அவர் கையில இருந்த அளவுகோல் வேற. அதாவது கண்ணுங்கிறது வெறும் திறப்பு மட்டும் இல்ல மேடம், அது ஒவ்வொரு குழுவோட அளவாவும் இருந்திருக்கு! என் பக்கத்துல நான் எழுதினது போதாது. இந்தப் பொருளையும் சேர்க்கணும்.”

இயக்குநர் அம்மையார் நெடுநேரம் படத்தையே பார்த்தார். “நாற்பது வருஷமா எல்லாரும் இந்தக் கூடத்தைத் தாண்டித்தானே போயிட்டு வர்றோம். யாருக்கும் தோணலையே! இதுக்கு ரெண்டு பக்கம் ஒதுக்கறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகுது. வியாழக்கிழமை நம்ம எல்லாருக்கும் விளக்கிச் சொல்லுங்க.”

இரண்டு பக்கம்! நாற்பத்து மூன்றைக் கண்டு முகம் சுளித்தவர் தாமாக இரண்டு தருகிறார்! கூடியிருந்த எட்டுப் பேரும் கைதட்டினர். எல்லாரும் தட்டும்போது ஒருவர் மட்டும் சும்மா இருத்தல் கூடாதென்பதால் வரைவாளரும் தட்டினார். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் என்பார்கள். அந்த யானைக்கு, அருகே நின்று கைதட்டவேண்டிய கட்டாயமாவது இல்லை.

சகலை வந்து அவர் தோளைக் கட்டிக்கொண்டார். “எல்லாம் உங்களாலதான் சகலை. நீங்க டேப்பை அவ்வளவு ஆடாம பிடிச்சதாலதானே இந்தப் பத்து சென்டிமீட்டர் எனக்குத் தெரிஞ்சது? வேற ஆளா இருந்தா கோட்டை விட்டிருப்பேன்.”

அன்று மாலையே வரைவாளர் தம் சொந்த டேப்புடன் தனியே சந்தைக் கூடத்துக்குச் சென்றார். ஐந்து, ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது எல்லாம் மூன்று அறுபது. இரண்டாம் மேஸ்திரி என்றொருவர் பிறக்கவே இல்லை. அவரைப் பெற்றெடுத்தவர் வரைவாளர். பெயர் சூட்டித் தோளில் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போகிறவர் சகலை. பொய் என்று தெளிவாகத் தெரிந்த ஒன்றின்மேலும் பொறாமை கொள்ள முடியும் என்பதை அவர் அப்போதுதான் கண்டார். பத்தொன்பது ஆண்டுகளில் எட்டுப் பேரைக் கைதட்ட வைக்கும் ஒன்றை, மெய்யாகவோ பொய்யாகவோ, அவர் கண்டுபிடித்ததில்லை.

சகலையைத் தனியே அழைத்து உள்ளதைச் சொல்லிவிட்டால் காரியம் முடிந்தது. இரண்டு முறை அவர் மேசை வரை சென்றார். முதல் முறை சகலை எழுந்து நின்று தம் நாற்காலியை இவருக்குக் கொடுத்தார். அந்த மரியாதையில் வந்த காரியம் தொண்டைக்குள் இறங்கிவிட்டது. இரண்டாம் முறை சகலையின் மனைவி தொலைபேசியில் இருந்தாள்; “அத்தான் பக்கத்துல இருக்காரா? குடுங்க” என்று கணவரிடம் சொல்லி இவரைப் பேசவைத்து, “அத்தான், அவரைக் கையைப் பிடிச்சு மேல தூக்கி விட்டுட்டீங்க. இந்த நன்றியை நான் மறக்கவே மாட்டேன்” என்றாள். அதற்குமேல் என்ன பேசுவது?

சொல்லாமல் இருக்கவும் கூடவில்லை. உண்மை வெளிவர வேண்டும். அது தம் வாயால் வரக்கூடாது. புதன்கிழமை முழுதும் யோசித்து இதற்கு அவர் ஒரு வழி கண்டார். யாரேனும், “நீங்கதானே பிடிச்சீங்க?” என்று கேட்டால் சொல்லுவதற்கும் ஒன்றை ஆயத்தம் செய்துகொண்டார். ‘நான் பத்துன்னு சொன்னேனே, அவர் பேச்சு மும்முரத்துல கவனிக்கல போலிருக்கு.’ கண்ணாடி முன் நின்று இருமுறை சொல்லிப் பார்த்தார். நன்றாகவே வந்தது.

வியாழக்கிழமை பிற்பகல் சகலை தம் கண்டுபிடிப்பை விளக்கி முடித்தார். கைதட்டல் அடங்கியதும் வரைவாளர் எழுந்தார். பச்சைக் குழந்தையின் முகம் எப்படியிருக்குமோ அப்படி வைத்துக்கொண்டார்.

“ஒரு சின்ன சந்தேகம். கூடத்தோட மொத்த நீளம் எடுத்தாச்சா?”

“அன்னைக்கு வெளியே வண்டிங்க நின்னுச்சே சகலை.”

“இல்ல, உதிரி அளவெல்லாம் கூட்டினா மொத்தத்தோட ஒத்துப்போகணுமே, அதுக்காகக் கேட்டேன்.”

“நல்ல கேள்வி” என்றார் இயக்குநர் அம்மையார். “நாளைக்கு அச்சுக்குப் போகுது. கூடம் பத்து நிமிஷ நடைதானே? எல்லாரும் வாங்க, இப்பவே பார்த்துடலாம்.”

அன்று சாலையோரம் காலியாக இருந்தது. பண்டகக் காப்பாளர் ஐம்பது மீட்டர் நாடாவைக் கொண்டுவந்தார். இருவர் இரண்டு கோடியிலும் நின்று இழுத்துப் பிடித்தனர். சகலை தம் கணக்கை உரக்கப் படித்தார். “ஒன்பது கண்ணும் பத்துத் தூணும் சேர்ந்து முப்பத்தெட்டு தொண்ணூறு வரணும்.”

“முப்பத்தெட்டு நாற்பது” என்றது மறுகோடி.

“சரியாப் பாருங்க.”

“சரியாத்தான் சார் பார்க்கிறேன். நாற்பது.”

சகலையின் முகத்தில் முதலில் குழப்பம் தோன்றியது. பிறகு உதடுகள் கணக்கிட்டன. அரை மீட்டர் குறைகிறது, அகலமான கண்கள் ஐந்து, கண்ணுக்குப் பத்து. அவர் தம் பையிலிருந்து அன்றைய சிறிய டேப்பை எடுத்து மெல்ல இழுத்தார். கொக்கி ஒற்றை ஆணியில் தொங்கிக்கொண்டு வெளிவந்தது. அவர் அதைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து வரைவாளரைப் பார்த்தார்.

அந்தப் பார்வை நீண்ட நேரம் இருந்ததாக வரைவாளருக்குத் தோன்றியது. ஆயத்தம் செய்துவைத்த வாக்கியம் நாவின் நுனியில் நின்றது. கேட்கட்டும், அந்தக் கணமே வீசிவிடலாம்.

சகலை கேட்கவில்லை. இயக்குநர் அம்மையாரிடம் திரும்பினார்.

“மேடம், தப்பு என்னோடது. கொக்கி கழண்டிருக்கு. சகலை ஒவ்வொரு தடவையும் ‘பத்து’ன்னு சொன்னார். நான்தான் பேச்சு மும்முரத்துல கழிக்காம எழுதிட்டேன். ரெண்டாவது மேஸ்திரியும் இல்ல, ஒண்ணும் இல்ல. எல்லாம் என் கவனக்குறைவு.”

வரைவாளர் திகைத்துப் போனார். தம் வாயில் இருந்த பொய்யைச் சகலை எப்படியோ எடுத்துத் தம் தலைமேலேயே போட்டுக்கொண்டுவிட்டார்.

இயக்குநர் அம்மையார் நாடாவைப் பார்த்து, “அச்சாகியிருந்தா நம்ம மானம் போயிருக்கும்” என்றார். “நல்ல வேளை, இவர் கேட்டார்.” வரைவாளரை நோக்கித் தலையசைத்தார். உடனே சகலையிடம் திரும்பினார். அவர் குரல் இளகிவிட்டது. “ஆனா ஒண்ணு. இத்தனை பேர் முன்னாடி, ஒரு நிமிஷம்கூட யோசிக்காம ‘என் தப்பு’ன்னு சொன்னீங்களே. இதுக்கு ஒரு தைரியம் வேணும். உங்க பழைய ஒரு பக்கம் அப்படியே இருக்கட்டும். அதுல தப்பு ஒண்ணும் இல்லையே.”

பண்டகக் காப்பாளர் சகலையின் முதுகைத் தட்டினார். “விடுங்க சார், யாருக்குத்தான் மறதி இல்ல?” பூட்டுக் கடைக்காரி எட்டிப் பார்த்தார். “என்னாச்சு, நல்லாத்தானே அளந்தீங்க?” என்று கேட்டு, விவரம் தெரிந்ததும் சகலை அமர்வதற்குத் தம் முக்காலியை எடுத்துப் போட்டார். எட்டு முகங்களும் சகலையை நோக்கி மலர்ந்திருந்தன. கண்டுபிடித்தபோது கிடைத்ததைவிட இழந்தபோது அவருக்கு அன்பு மிகுதியாகக் கிடைத்தது.

வரைவாளர் தப்பித்துவிட்டார். அவர் விரும்பியவாறே பொய் உடைந்தது. அவர் பெயருக்கு மாசு இல்லை. போதாக்குறைக்கு ஒரு பாராட்டும் வந்து சேர்ந்தது. வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். எனினும் அந்த முக்காலியை அவரால் பொறுக்க முடியவில்லை. சொல் போயிற்று, பக்கம் போயிற்று, கைதட்டல் போயிற்று. எஞ்சியது ஒரு குற்றம். அதையும் சகலையே எடுத்துக்கொண்டு போவதா?

“சொல்லல!” என்றார்.

எல்லாரும் திரும்பினர்.

“நான் பத்துன்னு சொல்லவே இல்ல. அஞ்சு தடவையும் சொல்லல. மறந்து இல்ல, தெரிஞ்சேதான் சொல்லல.”

“சகலை, விடுங்க” என்று சகலை எழுந்தார். “வீட்டுல போய்ப் பேசிக்கலாம்.”

“எதுக்கு விடணும்? தப்பு என்னோடது. நான் பண்ணினது. அதை எடுத்துக்கிட்டு நல்ல பேர் வாங்க நீங்க யாரு?”

இயக்குநர் அம்மையார் மெதுவாகக் கேட்டார்.

“ஏன் சொல்லல?”

இந்தக் கேள்விக்கு வரைவாளர் எதையும் ஆயத்தம் செய்திருக்கவில்லை. ஆகவே உள்ளது அப்படியே வந்தது.

“அவர் எழுதின முதல் வரி நல்லா இருந்தது மேடம்.”

“அதுக்காகவா?”

“ரொம்ப நல்லா இருந்தது. பத்தொன்பது வருஷமா நான் அந்த ஒரு வரியைத்தான் தேடிக்கிட்டிருந்தேன். இவர் ஒரு டீ குடிக்கிற நேரத்துல எழுதிட்டார்.”

எவரும் சிரிக்கவில்லை. வம்புக்குப் பெயர்போன பண்டகக் காப்பாளர்கூட நாடாவைச் சுற்றுவதில் கருத்தாக இருந்தார். இயக்குநர் அம்மையார் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

“இனிமே நீங்க அளக்கப் போக வேண்டாம். எந்தக் கட்டடத்துக்கும். உங்க கையால வர்ற அளவை நாளைக்கு நான் நம்பணும்னா எனக்கே பயமா இருக்கும். இந்த அஞ்சு கண்ணையும் மத்தவங்க இப்பவே திருப்பி அளக்கட்டும். படத்தை ராத்திரிக்குள்ள முடிச்சாகணும்.”

அது மரத்தில் ஆணி இறங்குவதுபோல் இறங்கியது. முப்பது ஆண்டுகளாகச் சுவர்களையும் தூண்களையும் தொட்டு வாழ்ந்த கை. வேறு இருவர் புதிய டேப்புடன் ஐந்தாம் கண்ணுக்குச் சென்றனர். “மூணு அறுபது!” என்ற குரல் கேட்டது.

அலுவலகத்துக்குத் திரும்பும் வழியில் சகலை அவர் பக்கத்தில் வந்து சேர்ந்துகொண்டார். முகத்தில் எப்போதும் குடியிருக்கும் சிரிப்பைக் காணவில்லை. இருபது ஆண்டுகளில் அந்த முகத்தை வரைவாளர் இப்படிப் பார்த்ததே இல்லை.

“உங்களைக் காப்பாத்தணும்னு நான் பொய் சொல்லல. அதைத் தெரிஞ்சுக்குங்க” என்றார் சகலை. “அக்காவும் தங்கச்சியும் ஒரு வாசல்ல நின்னு பேசணும். பசங்க ஒண்ணா உக்கார்ந்து சாப்பிடணும். அதுக்காகச் சொன்னேன். அதையும் போட்டு உடைச்சிட்டீங்க. ஒரு வரிக்காகவா சகலை? கேட்டிருந்தா அந்த வரியை உங்க பேர்லயே போட்டிருப்பேனே.”

“அதான் கேட்கல.”

“என்ன?”

“நீங்க குடுத்துடுவீங்கன்னு தெரியும். அதான் கேட்கல.”

சகலை நின்றார். கையை ஓங்கி உதறிவிட்டு முன்னே நடந்தார். தலை நிமிர்ந்திருந்தது, நடை விரைவாக இருந்தது, தெருவில் எதிரே வந்தவர்கள் தாமாகவே ஒதுங்கி வழிவிட்டனர். கோபங்கூட இந்த மனிதருக்கு எவ்வளவு எடுப்பாகப் பொருந்துகிறது என்று எண்ணியவாறு, வரைவாளர் பின்னால் நடந்தார்.